தலைகொண்டவனின் துயரம்

10ஆம் நூற்றாண்டுச் சோழக் கல்வெட்டுகளில் சுந்தர சோழனின் மூத்த மகன் ஆதித்த கரிகாலன் வரும் இடமெல்லாம் ஒரு பட்டம் அவனுக்கு முன்னே நடந்து வருகிறது: வீரபாண்டியன் தலைகொண்டவன். அதில் கூச்சமும் இல்லை, மறைப்பும் இல்லை. பாண்டியனைப் போரில் கொன்று அவன் தலையைத் தன் நகரில் வெற்றித் தூணாக நிறுத்தினான் என்று ராஜேந்திரன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடு பெருமையோடு சொல்கிறது. லெய்டன் செப்பேடு அந்தப் போரை, மதயானையோடு சிங்கக்குட்டி விளையாடியதற்கு ஒப்பிடுகிறது. காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடிக் கல்வெட்டு, ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டில், கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் நிலங்களைப் பற்றிப் பேசுகிறது. அங்கே அவன் கொலையுண்டவன். அப்போதும் அவனைப் பாண்டியன் தலைகொண்டவன் என்றே அது குறிக்கிறது. கொன்றவன் தரப்பு தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்தது இவ்வளவுதான். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு, 1950 முதல் 1954 வரை, கல்கி 'பொன்னியின் செல்வன்' எழுதியபோது அந்தப் பட்டத்துக்குள் ஓர் ஆறாத புண்ணை வைத்தார். காயம்பட்டுக் கிடக்கும் பாண்டியனைக் கொல்ல வேண்டாம் என்று, கரிகாலன் காதலித்த நந்தினி கெஞ்சுகிறாள். கரிகாலன் கேட்கவில்லை, வெட்டிவிடுகிறான். அதன் பிறகு அவனுக்கு அமைதி கிடையாது. 2022இலும் 2023இலும் மணிரத்னத்தின் இரண்டு பாகப் படம் வந்தபோது, அந்தத் தவிப்புதான் விக்ரம் நடித்த கரிகாலனின் முகமாக நம் முன் நின்றது. செப்பேட்டில் பெருமிதமாக இருந்தது நாவலிலும் திரையிலும் துயரமாகிவிட்டது.

இதே மாற்றத்தை நம் காலத்தில், மூலமும் தழுவலும் மூன்றே ஆண்டு இடைவெளிக்குள் வெளிவந்த ஒரு நூலிலும் படத்திலும் காணலாம். அமெரிக்கக் கடற்படையின் சீல் பிரிவைச் சேர்ந்த கிறிஸ் கைல், இராக் போரில் நான்கு முறை பணியாற்றிய ஸ்னைப்பர். மறைவிடத்திலிருந்து தொலைநோக்கித் துப்பாக்கியால் குறிபார்த்துச் சுடுவது அவர் வேலை. உறுதிசெய்யப்பட்ட கணக்கில் அவர் கொன்றவர்கள் 160 பேர் என்று சொல்லப்படுகிறது. வேறு இருவரின் துணையோடு அவர் எழுதிய 'அமெரிக்கன் ஸ்னைப்பர்' 2012 ஜனவரியில் வெளிவந்தது. 2013 பிப்ரவரி 2 அன்று, டெக்சாஸில், மன அமைதி இழந்திருந்த ஒரு முன்னாள் படைவீரருக்கு உதவுவதற்காகத் துப்பாக்கி சுடும் திடலுக்கு அழைத்துச் சென்ற இடத்தில், அந்த ஆளாலேயே கைலும் அவருடைய நண்பரும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 2014 டிசம்பரில் கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கத்தில், பிராட்லி கூப்பர் நடிப்பில் படம் வந்தது. உலகெங்கும் 50 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. நூலைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்ப்பவருக்கு முதலில் கண்ணில் படுவது கைலின் முகத்தில் வந்து சேர்ந்திருக்கும் வலி. அந்த வலி எங்கிருந்து வந்தது, அதை அவருக்குக் கொடுக்கும் உரிமை யாருக்கு உண்டு, அது வந்து சேர்ந்ததால் செத்தவர்களுக்கு என்ன ஆனது என்பவற்றை அறக்கேள்விகளாகவே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன்.

நூலில் கைல் ஒளித்துப் பேசவில்லை. அவர் தீவிரக் கிறிஸ்தவர். தான் கிறிஸ்தவன் என்பது எல்லாருக்கும் தெரியட்டும் என்று கையில் சிலுவைப்போர்ச் சிலுவையைச் சிவப்பில் பச்சை குத்திக்கொண்டவர். எதிரிகளைக் காட்டுமிராண்டிகள் என்றே எழுதுகிறார். கடவுள் முன் நிற்கும் நாளில் தான் கணக்குச் சொல்லவேண்டிய தவறுகள் உண்டென்றும், போரில் செய்த கொலைகள் எவையும் அந்தக் கணக்கில் வாரா என்றும் சொல்கிறார். காப்பாற்ற முடியாமல் போன தோழர்களுக்காகவே அவர் வருந்துகிறார். இன்னும் அதிகம் பேரைக் கொன்றிருக்கலாமே என்ற எண்ணமும் உண்டு. படிக்க வயிற்றைப் பிசைகிற நூல் இது. ஆனாலும் அதில் ஒரு கட்டுப்பாடும் இருக்கிறது. அவர் ஸ்னைப்பர் துப்பாக்கியால் முதலில் சுட்டது, மரைன் படையினரை நோக்கிக் கையெறி குண்டோடு வந்த ஒரு பெண்ணை. வேறொரு சமயம், சுடப்பட்டு விழுந்தவனின் ராக்கெட் லாஞ்சரை எடுக்க ஒரு சிறுவன் வருகிறான். குறி தெளிவாக இருக்கிறது, சுட விதிமுறையிலும் தடையில்லை. குழந்தையைக் கொல்ல மாட்டேன் என்று கைல் விரலை எடுத்துவிடுகிறார்.

படம் இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் எடுத்துக்கொண்டு மாற்றிக் கட்டுகிறது. முதல் காட்சியில் அந்தப் பெண் குண்டை ஒரு சிறுவன் கையில் கொடுக்கிறாள். கைல் முதலில் சிறுவனைச் சுடுகிறார், பிறகு குண்டை எடுக்க ஓடிவரும் அவளையும் சுடுகிறார். அருகிலிருக்கும் வீரன் பாராட்டும்போது எரிந்து விழுகிறார். பின்னால், ராக்கெட் லாஞ்சரை எடுக்கும் இன்னொரு சிறுவன் அதைக் கீழே போட்டுவிட வேண்டுமே என்று மூச்சடைத்து முணுமுணுக்கிறார். சிறுவன் போட்டுவிட்டு ஓடியதும் உடைந்து மூச்சுவிடுகிறார். திரைக்கலை என்ற அளவில் இவை வலுவான காட்சிகள், மறுக்கவில்லை. நடந்திருப்பதைக் கவனியுங்கள். தான் செய்யவே இல்லை, செய்யவும் மாட்டேன் என்று ஒருவர் எழுதிவைத்த கொலையை அவர் கணக்கில் ஏற்றி, அவர் படவில்லை என்று எழுதிவைத்த வேதனையையும் படம் அவர் முகத்தில் ஏற்றியிருக்கிறது. பாவமும் இரவல், பரிகாரமும் இரவல். இரண்டும் சேர்ந்து பார்வையாளரை ஓர் இடத்துக்குக் கொண்டுபோகின்றன: இவ்வளவு துடிக்கிறவன் நல்லவனாகத்தான் இருப்பான், இவனுக்காக நாம் அழலாம்.

இந்தப் படத்தைக் குறை சொன்னவர்களில் ஒரு சாரார் அது போரைப் புகழ்கிறது என்றார்கள். இன்னொரு சாரார் கைலின் உறுதியைப் படம் பலவீனமாகக் காட்டிவிட்டது என்றார்கள். இரு சாராரும் கொன்றவனின் நெஞ்சுக்குள் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றியே வாதிட்டார்கள். என் குறை வேறு. கொலை என்னும் செயலுக்கு இரண்டு முனைகள் உண்டு. கொன்றவன் வருந்துகிறானா என்பது ஒரு முனைக்குள் நடக்கும் காரியம். மறுமுனையில், உயிர் போனவனுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. கொன்றவன் வருந்தினாலும் வருந்தாவிட்டாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும். தழுவலுக்குக் கற்பனை உரிமை உண்டு. கொன்றவனுக்கு உறுத்தலைக் கற்பிக்கிற தழுவல், செத்தவனின் கேள்வியையும் கற்பிக்கக் கடமைப்பட்டிருக்கிறது. அதைச் செய்யாவிட்டால், உறுத்தல் அந்தக் கேள்வியின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

காவிரிக் கரையில் இந்த எண்ணத்துக்குக் கல்லிலேயே சான்று இருக்கிறது. கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் உள்ள திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயிலில், கிழக்குக் கோபுர வாயிலில் வந்தவர் அதே வாயிலில் திரும்பக்கூடாது என்பது வழக்கம். அங்கே, அந்தணனைக் கொன்ற பாவமான பிரமகத்தியின் உருவம் இருக்கிறது. வரகுண பாண்டியனின் குதிரை இரவில், படுத்துக்கிடந்த அந்தணன் ஒருவனை மிதித்துக் கொன்றுவிட்டது. பாண்டியனுக்கு அது தெரியவே தெரியாது. இருந்தும் பிரமகத்தி அவனைத் தொடர்ந்தது. திருவிடைமருதூர் வந்தபோது அது உள்ளே நுழைய முடியாமல் கிழக்கு வாயிலில் நின்றுவிட, அவன் மேற்கு வாயில் வழியே வெளியேறினான் என்பது தலபுராணம். இந்தக் கதை பாவத்தைக் கொன்றவனின் மனத்துக்குள் வைக்கவில்லை. அவன் வேண்டுமென்று செய்யவில்லை, அவனுக்கு நினைவே இல்லை, குற்றவுணர்வும் இல்லை. ஆனாலும் இறந்தவனின் உரிமை அவனுக்கு வெளியே, கால் முளைத்து, பின்னால் வருகிறது. பாண்டியனுக்கு இறைவன் அருள் கிடைத்த பிறகும் அது அழிந்துவிட்டதாகக் கதை முடியவில்லை. வாயிலில் காத்திருக்கிறது. திருவாரூர்க் கதையிலும், தேரேற்றிக் கன்றைக் கொன்ற மகன் வருந்தினானா என்று மனுநீதிச் சோழன் விசாரிப்பதில்லை. கன்றை இழந்த பசு வந்து மணியை இழுக்கிறது.

உடனே எழும் மறுப்பு நியாயமானது. திருவிடைமருதூர் வாயிலில் நிற்பது அந்தணனைக் கொன்ற பாவம் மட்டும். போர்க்களத்தில் விழுந்த ஆயிரக்கணக்கான சாதாரணக் காலாட்களுக்காக எந்தக் கோபுரத்திலும் எதுவும் நிற்கவில்லை. மரபு உயிர்களைத் தரம் பிரித்துத்தான் கணக்கிட்டது. இது மரபின் ஊனம், மூடி மறைக்கவேண்டியதில்லை. ஆனால் அந்தக் கதை கண்டுபிடித்த வடிவத்தை நாம் எல்லா உயிர்களுக்குமாக விரிக்க எது தடை? ஒருவகை மனிதருக்குத் தெரிந்த உண்மையை மற்றவருக்கும் பொருத்துவதுதானே அறச்சிந்தனையின் வேலை.

மயிலாடுதுறை வட்டாரத்துத் தேரழுந்தூரில் பிறந்த கம்பன் இதில் எனக்கு இன்னும் பெரிய சாட்சி. அவனும் தழுவலாசிரியன்தான். அவன் முன்னால் இருந்ததும் மறைந்து நின்று எய்த ஒருவனின் கதைதான். வாலி வேறொருவனோடு போரிட்டுக்கொண்டிருக்கும்போது மரத்தின் மறைவில் நின்று ராமன் அம்பு விடுகிறான். தழுவுகிற கவி என்ன செய்திருக்கலாம்? ராமன் நெஞ்சில் வலியை வைத்து நம்மைக் கலங்கடித்திருக்கலாம். கம்பன் அந்த வழியில் போகவில்லை. வாலி தன் மார்பில் தைத்த அம்பைப் பிடித்து இழுத்து, அதில் பொறித்திருக்கும் பெயரைப் படிக்கிறான். தன்னைக் கொன்றவன் யாரென்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. பிறகு ராமனை நேருக்கு நேர் கேள்வி கேட்கிறான், அதுவும் நீண்ட நேரம். ராமன் பதில் சொல்கிறான். ஒளிந்து நின்று எய்தது ஏன் என்ற கேள்விக்கு இலக்குவனும் வாய் திறக்கவேண்டி வருகிறது. வால்மீகியிலும் வாலி கேட்கிறான்தான். கம்பன் அந்தக் கேள்வியைத் தணிக்காமல் கூர்மையாக்கினான். காப்பிய நாயகன் கடவுள், அந்தக் கவிக்கு அவன்மேல் எல்லையற்ற பக்தி. அப்படியிருந்தும் கேள்வியைச் செத்துக்கொண்டிருப்பவன் வாயில் வைத்தான். முடிவில் வாலி ராமனை ஏற்றுக்கொண்டுவிடுகிறானே, வழக்கையே திரும்பப் பெற்றுக்கொள்கிறானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் கம்பன் கேள்வியை எவ்வளவு முழுமையாக வைத்தான் என்றால், வாலியே ஏற்ற பதிலைத் தமிழர்கள் இன்னும் ஏற்கவில்லை. பட்டிமன்ற மேடைகளில் வாலி வதை சரியா தவறா என்று இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள்.

இந்த அளவுகோலோடு ஈஸ்ட்வுட்டின் படத்துக்குத் திரும்பினால் அதன் வறுமை தெரியும். அதில் முஸ்தபா என்றொரு எதிரி ஸ்னைப்பர் வருகிறான். நூலில் அவனுக்கு ஒரு பத்தி இடம்தான். கைல் அவனைச் சந்தித்ததும் இல்லை. படம் அவனைக் கதையின் முதுகெலும்பாக்குகிறது. 2008இல் சதர் நகர் அருகே சுமார் 2,100 கஜ தூரத்திலிருந்து ராக்கெட் லாஞ்சர் ஏந்திய ஒருவனைச் சுட்டதாக நூலில் வரும் அந்த நீண்ட குறி, படத்தில் முஸ்தபாவைக் கொல்லும் உச்சக்காட்சி ஆகிறது. அவனுக்கு ஒரு மனைவியும் கைக்குழந்தையும் இருப்பது ஓரிரு நொடி கண்ணில் படுகிறது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. அவனுக்கு வசனம் என்று சொல்லத்தக்க எதுவும் கிடையாது. வாலிக்குக் கிடைத்த ஒரு வினாடிகூட அவனுக்கும், முதல் காட்சியில் விழுந்த தாய்க்கும் சிறுவனுக்கும் கிடைக்கவில்லை. படத்தில் மனநல மருத்துவரிடம் கைல் பேசும் காட்சியில், சுட்ட ஒவ்வொரு குண்டுக்கும் படைத்தவனிடம் பதில் சொல்லத் தயார் என்கிறார். படைத்தவனிடம் சொல்லலாம். இராக்கின் ரமாதியில் அந்தக் குண்டு பட்டவர்களின் வீட்டாருக்கு யார் சொல்வது என்று படம் கேட்கவில்லை. நூலும் கேட்கவில்லை. நூலில் அந்த இடம் வெறுமையாக இருப்பது படிக்கும்போதே உறுத்துகிறது, அந்த வெறுமையில் வாசகன் தானே கேள்வியை வைக்கிறான். படத்தில் கூப்பரின் கலங்கிய கண்கள் அந்த இடத்தை நிரப்பிவிடுகின்றன. அறிவிலும் கனிவிலும் படம் நூலைவிட மேலானது என்று தோன்றலாம். இந்த ஒரு விஷயத்தில் நூல் செய்யாத தீங்கைப் படம் செய்கிறது.

கல்கி இந்தச் சோதனையில் தேறுகிறார். வீரபாண்டியன் அடிபட்டு ஒதுங்கியிருந்தபோது கொல்லப்பட்டான் என்றோ, ஒரு பெண் உயிர்ப்பிச்சை கேட்டாள் என்றோ செப்பேடுகள் சொல்லவில்லை. கல்கியும் கரிகாலன் மீது ஒரு பாவத்தையும் அதற்கான உறுத்தலையும் சேர்த்தே ஏற்றினார். அதோடு நில்லாமல் நந்தினியைப் படைத்தார். கரிகாலன் எத்தனை வருந்தினாலும் அவள் வழக்கு தள்ளுபடியாவதில்லை. அவள் பழுவூர் அரண்மனைக்குள் நுழைகிறாள், பாண்டியனின் மெய்க்காவலரான ஆபத்துதவிகளைச் சேர்க்கிறாள், அந்த உறுத்தலையே ஆயுதமாக்குகிறாள். நாவலின் பாதி சுமை அவள் தலையில். மணிரத்னத்தின் படத்திலும் நந்தினி இருக்கிறாள், ஐஸ்வர்யா ராய் நன்றாகவே செய்திருக்கிறார். ஆனால் அங்கே இழந்த காதல் முன்னுக்கு வந்து, வெட்டுண்ட தலை பின்னுக்குப் போகிறது. கள்ளும் பாட்டும் போர்க்களமும் அவளை மறக்கத்தான் என்று கரிகாலன் குமுறும்போது, காதலியை இழந்தவனுக்காகத்தான் நாம் இரங்குகிறோம். தலையை இழந்தவன் நினைவுக்கு வருவதில்லை. தழுவலின் தழுவலில் முறையிட வந்தவள் காதலியாகச் சுருங்கிவிட்டாள்.

படைவீரன் கொலைகாரன் அல்லவே என்ற மறுப்புக்கு வருகிறேன். சீருடையில், ஆணையின்படி, தோழர்களைக் காக்கச் சுட்டவரிடம் செத்தவர் தரப்பு முறையிடுவது என்ன நியாயம்? கொடியவரை அரசன் தண்டிப்பது பயிரைக் காக்கக் களை பிடுங்குவதுபோல என்று வள்ளுவரே செங்கோன்மையில் சொல்லவில்லையா? சொல்கிறார். நாற்றங்கால் மண்ணில் வாழ்பவர்களுக்கு அந்த உவமை எளிதில் பிடிபடும். ஆனால் அது தன் நாட்டில் குற்றம் விசாரித்துத் தண்டிக்கும் அரசனுக்குரியது. அயல்நாட்டின் மாடி ஒன்றிலிருந்து கண்ணாடி வழியே ஒரே பார்வையில் களையையும் பயிரையும் பிரிக்கிறவனுக்கு அதை அப்படியே கொடுக்க முடியாது. படைச்செருக்கு அதிகாரத்தில் அதே வள்ளுவர், அஞ்சாமை ஆண்மைதான், ஆனால் பகைவனுக்கு ஓர் இடுக்கண் வந்தபோது உதவுவதே அந்த ஆண்மையின் கூர்மை என்கிறார். காயம்பட்ட பாண்டியனின் தலைமாட்டில் கல்கியின் கரிகாலன் மறந்ததும், குறியில் விழுந்த சிறுவனை விட்டுவிட்டபோது நூலின் கைல் மறக்காததும் இதுதான். மேலும், முறையிட இடம் கொடுப்பது குற்றவாளி என்று தீர்ப்பளிப்பது ஆகாது. வாலி கேட்டான் என்பதால் ராமன் தோற்றுவிடவில்லை. கடமையாகச் செய்த கொலைக்கும் பதில் சொல்லவேண்டும் என்பதுதான் கம்பன் காட்டியது.

தன்வரலாறு மட்டும் உண்மையா என்று கேட்பவர்களும் உண்டு. கைலின் நூலில் வந்த ஒரு சண்டைக் கதைக்காக மினசோட்டாவின் முன்னாள் ஆளுநர் ஜெஸ்ஸி வென்ச்சுரா அவதூறு வழக்குத் தொடுத்தார். 2014இல் ஜூரி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது, 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த இழப்பீட்டை ரத்துசெய்தது. நூலில் சொல்லப்பட்ட பதக்க எண்ணிக்கையையும் அதே ஆண்டில் கடற்படை குறைத்துத் திருத்தியது. கல்வெட்டுகளில் அரசரைப் புகழும் மெய்க்கீர்த்திகளும் அப்படித்தான், அவற்றில் மிகை இல்லாத வரி அபூர்வம். நிகழ்ச்சிகளுக்கு இவற்றை நான் நம்பிக்கையான சாட்சியாகக் கொள்ளவில்லை. கொன்றவன் தன்னை எப்படிக் காட்டிக்கொள்ள விரும்பினான் என்பதற்கு அவையே முதல் சாட்சி. கைல் கடவுளுக்கு முன் இந்தக் கொலைகளைப் பற்றித் தலைநிமிர்ந்து நிற்க விரும்பினார். அவர் கொல்லப்பட்ட பிறகு, பதில் சொல்ல அவர் இல்லாதபோது, அந்த நிமிர்வை மாற்றி எழுதினார்கள். அவருடைய மனைவி அறிந்த கைல் நூலில் தெரிந்ததைவிடக் கலங்கியவராக இருந்திருக்கலாம், அந்த அறிவு படத்துக்கு வந்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் சுடப்பட்டவர் தரப்பில் ஒரு சொல் கூடவில்லை.

எதிர்த்தரப்புக்குக் குரல் எங்கே கிடைக்கும், ஆவணமே இல்லையே என்பது கடைசி மறுப்பு. தஞ்சையை வைத்தே இதற்குப் பதில் சொல்லலாம். ராஜராஜன் பெரிய கோயில் கல்வெட்டில், மேலைச் சாளுக்கிய மன்னன் சத்யாசிரயனை வென்று திரும்பியபோது இறைவன் திருவடிகளில் பொற்பூக்கள் சார்த்தியதைப் பதிவுசெய்திருக்கிறான். சேர பாண்டியரிடம் கைப்பற்றிய செல்வத்தில் செய்த கலங்களும் அந்தச் சுவர்களில் எடையோடு கணக்காகியிருக்கின்றன. அந்தப் பூக்களின் மறுமுனை வடகர்நாடகத்து ஹொட்டூரில் இருக்கிறது. 1007ஆம் ஆண்டையொட்டிய சத்யாசிரயனின் கல்வெட்டு அது. பெரும்படையோடு வந்த சோழன் நாட்டைச் சூறையாடியதாகவும், பெண்களையும் குழந்தைகளையும் அந்தணரையும் கொன்றதாகவும், பெண்களைக் கவர்ந்ததாகவும் அது குற்றம் சாட்டுகிறது. பகைவன் எழுதியது, மிகை இருக்கும், அதையும் சலித்துத்தான் படிக்க வேண்டும். ஆனால் முறையீடு கல்லில் இருக்கிறது, அச்சிலும் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. 'பொன்னியின் செல்வன்' ராஜராஜன் முடிசூடுவதற்கு முன்பே முடிந்துவிடுவதால் அந்தப் போர்களைத் தொடவேண்டியிருக்கவில்லை. இனி ராஜராஜனையும் ராஜேந்திரனையும் திரைக்குக் கொண்டுவரப் போகிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். அவர்களை வெற்றிவீரர்களாகக் காட்டுங்கள், விரும்பினால் இரவில் உறங்காமல் தவிக்கவும் விடுங்கள். பெரிய கோயில் கல்வெட்டைப் படிக்கிற அதே கவனத்தோடு ஹொட்டூர்க் கல்வெட்டையும் படித்துவிட்டு, அதிலிருந்து ஒரு பெண்ணையாவது எழுந்து நின்று பேசவிடுங்கள்.